மேமியோவில் ஒரு மருத்துவர்: இலட்சுமி சுவாமிநாதனின் போர்க்காலப் பணி

இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படை குறித்த எழுத்துகளில் இலட்சுமி சுவாமிநாதன் பெரிதும் சீருடையணிந்த தலைவியாகவே காட்சி தருகிறார். ‘கேப்டன்’ என்னும் அடைமொழி, அதற்கு முன்பே அவர் பெற்றிருந்த ‘டாக்டர்’ என்பதை மறைத்துவிட்டது. பர்மாவின் மேமியோ நகரில் அவர் ஆற்றிய பணியை நோக்குமிடத்து இவ்வரிசை மாற்றத்திற்குரியதாகிறது.

1914இல் சென்னையில் பிறந்த இலட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றார். 1940இல் சிங்கப்பூர் சென்று, ஏழை இந்தியத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்தார். 1942 பிப்ரவரியில் அந்நகர் சப்பானியர் வசமாயிற்று. 1943 ஜூலையில் அங்கு வந்த சுபாஷ் சந்திர போஸ், பெண்கள் படையை அமைக்கும் பொறுப்பை அவரிடம் அளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் தோன்றிய தற்காலிக அரசில் அவர் ஒருவரே பெண் அமைச்சர். படையில் சேர்ந்தோருள் மிகப் பலர் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். அவர்தம் தொகை ஆயிரம் என்பது நெடுநாளைய வழக்கு. பாதியினும் குறைவு என்பது அண்மைய ஆய்வின் கணிப்பு. எண்ணிக்கை எதுவாயினும், இந்திய மண்ணை ஒருமுறையும் மிதித்திராத பலர் அதன் விடுதலைக்குப் பெயர் கொடுத்தனர் என்பது சிறு செய்தியன்று.

மண்டலைக்குக் கிழக்கே ஷான் மேட்டுநிலத்தில் அமைந்த மேமியோ, ஆங்கில அதிகாரிகளின் கோடை வாழிடமாக இருந்த மலைநகர். இன்று அதன் பெயர் பியின் ஊ லுவின். 1944இல் இம்பால் படையெடுப்பு நிகழ்ந்தபோது அது இந்திய தேசிய இராணுவத்தின் பின்தளமாயிற்று. போர்முனை செல்லும் வேட்கையோடு வந்த பெண்களுக்கு வாய்த்தது மருத்துவமனைப் பணியே. ஜூலையில் படையெடுப்பு முறிந்தது. மழைக்காட்டினூடே பின்வாங்கிய வீரர்களைக் குண்டுகளைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியுமே மிகுதியாக வீழ்த்தின. மருந்தோ பற்றாக்குறை, வானிலிருந்து குண்டுவீச்சு வேறு. இந்நிலையில் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற கைகள் புண்ணுக்குக் கட்டுப்போட்டன.

‘போரிடாத படை’ என்று இதனைச் சிலர் குறைத்து மதிப்பர். சுட்டார்களா, இல்லையா என்னும் ஒற்றை அளவுகோல் ஆண்படைகளின் வரலாற்றிலிருந்து இரவல் பெற்றது. தோற்றுத் திரும்பும் படைக்கு முதல் தேவை மருத்துவர். அத்தேவையை நிறைவு செய்தவருள் ஒருவர் இலட்சுமி.

1945இல் பிரித்தானியரிடம் பிடிபட்ட அவர், 1946 மார்ச்சில் இந்தியா திரும்பினார். 1947இல் பிரேம் சாகலை மணந்து, கான்பூரில் மருத்துவப்பணி தொடர்ந்தார். 1971இல் வங்கதேசப் போரால் அகதிகள் பெருகியபோது, மேற்கு வங்கத்தின் பொங்காவ் என்னும் எல்லை நகருக்குச் சென்று முகாம்களில் சிகிச்சையளித்தார். அப்போது அவருக்கு வயது 56. தொண்ணூறைக் கடந்த பின்னரும் கான்பூர் மருத்துவமனையில் நோயாளிகளைக் கண்டுவந்த அவர், 2012 ஜூலை 23 அன்று மறைந்தார்.