இடைமுகச் சரங்களின் மறுபயன்பாடும் தமிழாக்கமும்

1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியில் பட்டிகள், உரையாடற் பெட்டிகள், படவுருக்கள் ஆகியன நிரற்குறியிலிருந்து பிரிக்கப்பட்டு வளங்களாகச் சேமிக்கப்பட்டன. நிரலை மீண்டும் தொகுக்காமலேயே இடைமுக மொழியை மாற்ற இது வழிசெய்தது. கட்டற்ற மென்பொருளில் இப்பணியைக் குனு கெட்டெக்ஸ்ட் ஏற்றது. க்னோம், கேடிஈ மேசைத்தளங்களின் தமிழாக்கம் அதன் செய்திக்கோப்புகள் வழியே நிகழ்ந்தது.

ஆயினும் ஒரு சரத்தைப் பல இடங்களில் மீளப் பயன்படுத்தும் சிக்கனம் ஆங்கில இலக்கணத்தைச் சார்ந்தது. ‘ஓப்பன்’ என்னும் ஒரே சொல், கட்டளையாயின் ‘திற’ எனவும் நிலையாயின் ‘திறந்துள்ளது’ எனவும் தமிழில் வேறுபடும். கோப்பின் பெயரைச் செருகும் தொடர்களிலோ வேற்றுமை உருபு பெயரோடு புணராது தனித்து நிற்கும். 2006இல் கெட்டெக்ஸ்ட்டில் சூழற்குறிப்புக்கெனத் தனிப்புலம் சேர்ந்தது. முதற்சிக்கலுக்கு அது தீர்வளித்தது. இரண்டாவதை ‘என்னும் கோப்பை’ போன்ற தொடரமைப்பால் மொழிபெயர்ப்பாளரே தீர்க்க வேண்டியுள்ளது. எனவே இடைமுகத் தமிழின் செயற்கைத்தன்மையை மொழிபெயர்ப்பாளரின் குறையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. மூலச் சரங்களின் அமைப்பும் ஆராயத்தக்கது.