இல்லத் தேகப்பயிற்சி: உக்கிர முறையைத் தொடங்குதல்

பயிற்சிக்கூடமும் கருவிகளும் இன்றி, தன் சரீரத்தின் எடையையே சுமையாகக் கொண்டு, ஓர் ஆள் படுத்தெழும் அளவேயான இடத்தில் செய்துகொள்ளும் அப்பியாசம் இல்லத் தேகப்பயிற்சி எனப்படும். மூச்சு வாங்கும் வேகத்தில் சிறிது நேரம் செய்து, சற்றே ஓய்ந்து, மீண்டும் செய்வது அதன் உக்கிர வகையாகும்.

வரலாறு: தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியன தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஆசானின் மேற்பார்வையில் படிப்படியாகப் பயிலப்பட்டு வந்தவை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியபின், ஆசிரியர்கள் இக்கலையைச் சாஸ்திர முறையில் கற்கும் வாய்ப்பு உண்டாயிற்று. 20 விநாடி முழுமூச்சான உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்னும் பிரசித்தமான முறையை ஜப்பானியரான இசுமி தபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996இல் ஆராய்ந்து வெளியிட்டனர். ஆயினும் அச்சோதனைக்கு உட்பட்டோர் உடற்கல்வி பயின்ற வாலிபர்கள் என்பதை மறத்தலாகாது. ஆசானுமின்றி முன்பயிற்சியுமின்றி, கைபேசிக் காணொளியை மட்டும் நம்பி அம்முறையில் இறங்குவோருக்கே இடர் மிகுதி.

தொழிற்பேட்டைச் சூழல்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் ஷிப்ட் முறையில் உழைப்போருக்கு, வாடகை அறையிலேயே செய்யத்தக்க இப்பயிற்சி மிகவும் பொருந்துவதாகும். நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் நிற்பதாலோ ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாலோ களைப்பு உண்டாகுமேயன்றி, இருதயத்துக்கும் எல்லாத் தசைகளுக்கும் சமமான பயிற்சி கிட்டிவிடாது. உலையருகே வியர்த்து உழைத்த உடனும், உறக்கமற்ற இரவு ஷிப்டு முடிந்த காலையிலும், கத்திரி வெயிலில் தகிக்கும் தகரக் கூரையின் கீழும் உக்கிரப் பயிற்சி கூடாது. உறங்கி எழுந்து, நீரோ மோரோ பருகி, சற்று இளைப்பாறிய பின்னரே தொடங்குதல் வேண்டும்.

உடலில் நிகழ்வன: பழக்கமற்ற பயிற்சியால் தோன்றும் தசைவலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடைந்து தானே தணியும். தசைகள் சில வாரங்களில் வலுப்பெற்றாலும், அவற்றை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் மெதுவாகவே உறுதியடைவதால், ஆரம்ப உற்சாகத்தில் குதிப்போருக்கு முழங்காலும் குதிகாலும் நோகின்றன. அளவு மீறினால் தசைநார்கள் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, சிறுநீரகம் பழுதுறவும் கூடும். 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பின் அபாயம் வழக்கமாகப் பயிற்சி செய்வோருக்குச் சுமார் இரண்டரை மடங்காகவும், பயிற்சியே அற்றோருக்கு நூறு மடங்குக்கு மேலாகவும் உயர்வதைக் காட்டிற்று. ஆகவே, இவ்வபாயத்தைக் குறைக்கும் உபாயமும் கிரமமான பயிற்சியே.

தொடங்கும் முறை: முதலிரு வாரங்களில் நாள்தோறும் நடையும், வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வுடன், சுவரில் கையூன்றிய தண்டாலும், நாற்காலியில் அமர்ந்தெழும் பஸ்கியும் எட்டுப் பத்து முறை செய்தால் போதும். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும்; இதுவே நடுத்தர வேகத்துக்கு அளவுகோல். வலி நின்றபின் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, தரைத் தண்டாலுக்கு வந்து, ஓரிரு மாதங்களுக்குப் பின்னரே ஓய்வை அதிகமாகவும் உழைப்பைக் குறைவாகவும் வைத்து உக்கிர முறையில் புகலாம். குதித்தல் கடைசியில் வருவது. வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட நடுத்தரப் பயிற்சியும், இரண்டு நாளேனும் தசைப் பயிற்சியும் செய்ய வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

எச்சரிக்கை: நாற்பது வயது கடந்தோரும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உடையோரும் முன்னரே மருத்துவரைக் கலந்தாலோசிப்பது அவசியம்; ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தையோ, 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தையோ இதற்குப் பயன்படுத்தலாம். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், கருஞ்சிவப்புச் சிறுநீர் ஆகியவற்றுள் எது தோன்றினும் பயிற்சியை உடனே நிறுத்தி, தாமதமின்றி மருத்துவமனையை நாட வேண்டும்.