பழைய சிப்பாயும் புதிய சிப்பாயும்

இராணுவச் சீருடை அணிந்து பணியில் இருக்கும் ஒருவன், தனக்கு முன்னே போர்க்களம் கண்டு வீடு திரும்பிய பழைய வீரனை எப்படிப் பார்க்கிறான்? மரியாதையோடுதான் பார்ப்பான் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நினைவு நாளன்று மலர் வளையம் வைக்கிறார்கள். சல்யூட் அடிக்கிறார்கள். பதக்கம் குத்திய முதியவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த முதியவர் நாற்காலியில் உட்காராமல், எனக்குத் தரவேண்டிய பணத்தைக் கொடுங்கள் என்று தெருவில் இறங்கினால், அப்போதும் அந்த மரியாதை நிற்குமா?

1932ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அது இனிமையான பதில் அல்ல.

கல்லறை போனஸ்

முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் வாங்கிய சம்பளம் ஏறக்குறைய நாளொன்றுக்கு ஒரு டாலர். அதே காலத்தில் உள்நாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் அதைவிடப் பல மடங்கு சம்பாதித்தார்கள். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு டாலர், பாதுகாப்பாக ஊரில் இருந்தவனுக்குக் கைநிறையக் கூலி. போர் முடிந்ததும் இந்த வேற்றுமை பெரிய மனக்குறையாக வளர்ந்தது.

1924இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதிபர் கூலிட்ஜ் அதை நிராகரித்தும், நாடாளுமன்றம் மீண்டும் வாக்களித்து நிறைவேற்றியது. உள்நாட்டில் பணியாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டாலர், கடல் கடந்து பணியாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றேகால் டாலர் என்று கணக்கிட்டார்கள். ஆனால் பணம் கைக்கு வரவில்லை. மிகச் சிறிய தொகை பெற வேண்டியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழ்தான் கிடைத்தது. அதை 1945இல்தான் பணமாக மாற்றலாம். இடையில் இறந்துபோனால் குடும்பத்திற்குக் கிடைக்கும். அதனால் வீரர்களே அதற்குக் 'கல்லறை போனஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

1929இல் பொருளாதாரம் சரிந்தது. வேலை இல்லை, வாடகை கட்ட வழியில்லை. கையில் மட்டும் அரசாங்க முத்திரை குத்திய காகிதம் ஒன்று பத்திரமாக இருக்கிறது. 1945 வரை யார் காத்திருப்பது? பழைய வீரர்கள் இப்படிக் கேட்டதில் என்ன தவறு?

1932 மே மாதம், மேற்குக் கரையில் உள்ள ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரிலிருந்து முந்நூறு பேர் அளவில் கிளம்பினார்கள். தலைவர் வால்டர் வாட்டர்ஸ் என்ற முன்னாள் சார்ஜண்ட். பிரான்சில் போரிட்டவர், அப்போது வேலையில்லாதவர். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு கண்டத்தையே குறுக்கே கடந்தார்கள். செய்தி பரவியதும் பிற ஊர்களிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டார்கள். பலர் மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். ஜூன் மாதத்திற்குள் வாஷிங்டனில் கூடிய வீரர்களும் குடும்பத்தினரும் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

அனகோஸ்டியா ஆற்றின் கரையில் சேற்று நிலத்தில் முகாம் எழுந்தது. குப்பைமேட்டில் கிடைத்த தகரம், பழைய பலகை, அட்டைப் பெட்டி ஆகியவற்றால் குடிசைகள் கட்டினார்கள். ஆனாலும் அது பட்டாள முகாம் போலவே நடந்தது. குடிக்கக் கூடாது, பிச்சை எடுக்கக் கூடாது, அரசாங்கத்தைக் கவிழ்க்கும் பேச்சு கூடாது என்று வாட்டர்ஸ் கட்டளை போட்டார். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைய அமெரிக்க இராணுவத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப்படை, வெள்ளையருக்குத் தனிப்படை. இந்தக் குடிசை முகாமிலோ இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தார்கள், ஒரே வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினார்கள்.

தலைநகரின் போலீஸ் தலைவர் பெல்ஹம் கிளாஸ்ஃபோர்டும் பழைய போர்வீரர்தான். முதல் உலகப் போரில் இளம் வயதிலேயே பிரிகேடியர் ஜெனரல் ஆனவர். மோட்டார் சைக்கிளில் முகாமைச் சுற்றி வருவார், உணவுக்கு ஏற்பாடு செய்வார், தம் சொந்தப் பணத்தையும் போட்டார். வந்தவர்களுக்கே பொருளாளராகவும் இருந்தார்! ஓய்வு பெற்ற கடற்படைத் தரைப்படைத் தளபதி ஸ்மெட்லி பட்லரும் ஜூலையில் முகாமுக்கு வந்து பேசினார், அவர்களோடு ஓர் இரவு தங்கினார். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை இருமுறை பெற்றவர் அவர். இந்த இருவரும் சீருடையைக் கழற்றிவிட்டவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சீருடையில் இருந்தவர்களின் பார்வை வேறாக இருந்தது.

கைதட்டலும் கண்ணீர்ப்புகையும்

பணத்தை உடனே வழங்கும் மசோதாவை மக்கள் பிரதிநிதிகள் சபை ஏற்றது. ஜூன் 17ஆம் தேதி செனட் சபை 62க்கு 18 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. நாடாளுமன்றத்தின் முன் கூடியிருந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் கலவரம் செய்யவில்லை. தேசபக்திப் பாடல் ஒன்றைப் பாடிவிட்டு முகாமுக்குத் திரும்பினார்கள். சிலர் ஊருக்குப் போனார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

ஜூலை 28ஆம் தேதி, பென்சில்வேனியா அவென்யூவில் வீரர்கள் தங்கியிருந்த அரசாங்கக் கட்டடங்களைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. போலீசாருடன் நடந்த மோதலில் துப்பாக்கி வெடித்தது. வில்லியம் ஹுஷ்கா, எரிக் கார்ல்சன் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் குண்டடிபட்டு உயிரிழந்தார்கள். அதிபர் ஹூவர் இராணுவத்தை அழைத்தார்.

அன்று மாலை, அலுவலகம் விட்டு மக்கள் வீடு திரும்பும் நேரம். மேயர் கோட்டையிலிருந்து வந்த மூன்றாம் குதிரைப்படையின் சுமார் 200 குதிரை வீரர்கள் உருவிய வாளோடு வந்தார்கள். பின்னால் டாங்கிகள், துப்பாக்கிமுனையில் கத்தி செருகிய காலாட்படை. அதைப் பார்த்த பழைய வீரர்களில் பலர் கைதட்டினார்களாம். தங்களைக் கௌரவிக்கத்தான் அணிவகுப்பு வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். குதிரைகள் கூட்டத்திற்குள் திரும்பியபோதுதான் உண்மை புரிந்தது.

படைக்குத் தலைமை தாங்கியவர் தரைப்படைத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர். 1945 செப்டம்பரில் ஜப்பானின் சரணாகதியை ஏற்றாரே, அவரேதான். பதக்கங்கள் மின்னும் முழுச் சீருடையில் தாமே தெருவுக்கு வந்தார். போக வேண்டாம், இது தலைமைத் தளபதிக்கு ஏற்ற வேலை அல்ல என்று அவருடைய உதவியாளரான மேஜர் ஒருவர் தடுத்துப் பார்த்தார். அந்த மேஜரின் பெயர் ஐசன்ஹோவர், பின்னாளில் அமெரிக்க அதிபர். மெக்கார்தர் கேட்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று அதிபரிடமிருந்து வந்த சொல்லையும் பொருட்படுத்தவில்லை. படை பாலத்தைக் கடந்தது. இரவில் அனகோஸ்டியா முகாம் தீப்பற்றி எரிந்தது. கண்ணீர்ப்புகையில் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மெக்கார்தர் ஏன் இப்படி நடந்தார்? இவர்கள் உண்மையான வீரர்களே அல்லர், பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகளும் பொய் வேடதாரிகளும் என்று அவர் உறுதியாக நம்பினார். முன்னாள் வீரர்களைக் கவனிக்கும் அரசாங்க நிர்வாகமே எடுத்த கணக்கு வேறு சொன்னது. வந்தவர்களில் 94 விழுக்காட்டினருக்கு இராணுவ அல்லது கடற்படைப் பதிவு இருந்தது. 67 விழுக்காட்டினர் கடல் கடந்து பணியாற்றியவர்கள். மெக்கார்தரும் பிரான்சில் போரிட்டவர்தானே! தம்மோடு நின்றவர்களை அவரால் அடையாளம் காண முடியவில்லை. கிழிந்த சட்டையும் தாடியும் அவர் கண்ணை மறைத்துவிட்டன.

ஒரே ஒரு மனிதரின் கதை

அன்று குதிரைப்படையில் வந்தவர்களில் மேஜர் ஜார்ஜ் பட்டன் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படைகளை நடத்திப் புகழ்பெற்ற அதே பட்டன். 1918 செப்டம்பர் 26ஆம் தேதி பிரான்சில் அவர் குண்டடிபட்டு வீழ்ந்தபோது, ஜோ ஏஞ்சலோ என்ற சிப்பாய் அவரை இழுத்து ஒரு குண்டுப் பள்ளத்திற்குள் கொண்டுபோய்க் காப்பாற்றினார். அதற்காக ஏஞ்சலோவுக்கு உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது. 1931இல், வேலையிழந்த ஏஞ்சலோ நியூ ஜெர்சியிலிருந்து நடந்தே வாஷிங்டனுக்கு வந்து, நாடாளுமன்றக் குழுவின் முன் போனஸுக்காகச் சாட்சி சொன்னார். 1932இல் மீண்டும் வந்தவர்களோடு சேர்ந்தார்.

முகாம் எரிந்த மறுநாள் அவர் பட்டனைப் பார்க்கப் போனார். இவரை எனக்குத் தெரியாது, அழைத்துக்கொண்டு போங்கள் என்று பட்டன் சொல்லிவிட்டார். பிறகு பக்கத்திலிருந்த அதிகாரிகளிடம், போர்க்களத்தில் என்னைக் காப்பாற்றியவர் இவர்தான், என் குடும்பம் இவருக்குப் பண உதவி செய்து வந்திருக்கிறது, இன்று இங்கே நான் இவரோடு பேசினால் நாளைப் பத்திரிகையில் என்ன எழுதுவார்கள் என்று விளக்கினாராம்.

பட்டனை இதற்காக ஈவிரக்கமற்றவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தனிமையில் அவர் நன்றி மறக்கவில்லை. பலர் முன்னிலையில், சீருடையில் இருக்கும்போதுதான் அந்த மனிதரைத் தெரியாது என்றார். உதவி வாங்கிக்கொள்ளும் ஏஞ்சலோவை அவரால் ஏற்க முடிந்தது, உரிமை கேட்கும் ஏஞ்சலோவை ஏற்க முடியவில்லை. எந்த நாட்டுப் பட்டாளத்திலும் இந்தச் சிக்கல் வரக்கூடும்.

சாதாரணச் சிப்பாய்களின் நிலையையும் பார்க்க வேண்டும். 1932இல் அமெரிக்கத் தரைப்படையில் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. நாடே பசியில் வாடியபோது அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளமும் இருந்தன. பலர் முதல் உலகப் போரின்போது சிறுவர்கள். அன்று நாங்கள் குண்டுமழையில் நின்றபோது நீ எங்கே இருந்தாய் என்று பழைய வீரர்கள் அவர்களைப் பார்த்துக் கத்தினார்கள். அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்? கட்டளையை மீறினால் அவனும் அந்தக் குடிசைக்குத்தான் போக வேண்டும்.

கொல்லப்பட்ட ஹுஷ்காவை ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். குதிரைப்படை புறப்பட்டு வந்த மேயர் கோட்டை அந்த மயானத்தை ஒட்டியே இருக்கிறது.

அடுத்த தலைமுறைக்கு

அந்த ஆண்டு நவம்பரில் ஹூவர் தேர்தலில் தோற்றார். போனஸ் பணம் 1936இல் கிடைத்தது. அதுவும் அதிபர் ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பையும் மீறி. அதற்கு முன்பே, வேலை என்று புளோரிடாத் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட பழைய வீரர்களில் இருநூறு பேருக்கும் மேல் 1935 செப்டம்பர்ப் புயலில் மாண்டுபோனார்கள்.

பெற்ற அடியை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, அப்போது களத்தில் இருந்த இளைஞர்களுக்காக அவர்கள் வாதாடத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர்க் காலத்து வீரரான ஹாரி கால்மெரி வாஷிங்டன் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கையால் எழுதிய வரைவே, 1944 ஜூன் 22ஆம் தேதி சட்டமாயிற்று. படிப்புக்குப் பணம், வீட்டுக்கும் தொழிலுக்கும் கடன் உத்தரவாதம், வேலை கிடைக்கும் வரை உதவித்தொகை. நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்கிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 78 லட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். கறுப்பின வீரர்களுக்கு, குறிப்பாகத் தென் மாநிலங்களில், அதன் பயன் முழுமையாகக் கிட்டவில்லை. அனகோஸ்டியாவில் பக்கத்துக் குடிசையில் இருந்தவர்களை நாடு அதற்குள் மறந்துவிட்டது.

ஆனால் 1944இல் கிடைத்த நன்மையை அனுபவித்தவர்களே அடுத்த முறை தவறினார்கள் என்பதுதான் வேடிக்கை. வியட்நாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் முன்னாள் வீரர் சங்கங்களின் வாசலுக்குப் போனபோது, உங்களுடையது உண்மையான போரே அல்ல, நாங்கள் ஜெயித்தோம், நீங்கள் தோற்றீர்கள் என்ற பேச்சு பலர் காதில் விழுந்தது. மனம் நொந்தவர்கள் 1978இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். எந்தத் தலைமுறை வீரர்களும் இனி மற்றொரு தலைமுறையைக் கைவிடக் கூடாது என்பதை அதன் முதல் கொள்கையாக வைத்தார்கள். வாஷிங்டனில் அவர்களுக்கு நினைவுச்சுவர் எழ 1982 வரை ஆயிற்று.

1991 மார்ச்சில் வளைகுடாப் போர் முடிந்து படைவீரர்கள் விமானத்தில் திரும்பினார்கள். மேய்ன் மாநிலத்தின் பாங்கோர் என்ற சிறிய நகரில் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கும். அங்கே ஊர் மக்கள் கூடி வரவேற்றார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் அது அன்றாட வழக்கமாயிற்று. நள்ளிரவானாலும் பனி கொட்டினாலும் முதியவர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்களில் இரண்டாம் உலகப் போர் வீரர்களும் இருந்தார்கள், வியட்நாம் வீரர்களும் இருந்தார்கள். இறங்கி வரும் ஒவ்வோர் இளைஞரின் கையையும் பிடித்துக் குலுக்குவார்கள். பிறகு ஒரு கைத்தொலைபேசியைக் கொடுத்து, முதலில் வீட்டுக்குப் பேசு, காசு வேண்டாம் என்பார்கள்.