நாய்க்கு ரூட் கெனாலா?

போன மாசம் எங்க வீட்டு மணி ஒரு பக்கமாவே மெல்ல ஆரம்பிச்சான். தட்டு காலியாகுது, வாலும் ஆடுது. அதனால நான் கண்டுக்கல. ஒரு நாள் பார்த்தா வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். பூச்சிக்கடின்னு நினைச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "மேல் கடைவாய்ப் பல்லு உடைஞ்சு சீழ் வெச்சிருக்கு சார். ரூட் கெனால் பண்ணலாம், ஆனா இங்க செய்ய ஆள் இல்ல. பிடுங்கிடலாம்"னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாய்க்கு ரூட் கெனாலா?

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சதும் சிரிப்பு போயிடுச்சு.

மனுஷனுக்கான ரூட் கெனால் ரொம்பப் பழசு. 1838ல் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கடிகாரச் சுருள்வில்லை ராவி, வேர்க்குழாயைச் சுத்தம் செய்ய ஒரு கருவி செய்தார். 1867ல் மலாய்க் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவை வைத்துக் குழாயை அடைக்கும் முறை வந்தது. 1895ல் எக்ஸ்ரே. அடுத்த வருஷமே பல்லையும் படம் பிடிச்சுட்டாங்க. ஆக, 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள முக்கியமான சாமானெல்லாம் ரெடி.

ஆனா அதே அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவத்துக்கென்று ஒரு சங்கம் அமைந்தது 1976ல்தான். தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் கிடைத்தது 1988ல்!

ஏன் இவ்வளவு லேட்? நாய் ஆ-ன்னு வாயைத் திறந்து உட்காராது. முழு மயக்கம் கொடுக்கணும். மனுஷப் பல்லுக்கு 25 மி.மீ. ஊசி போதும். பெரிய நாயின் கோரைப்பல் வேருக்கு 60 மி.மீ. வரை வேணும். இதெல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஆனா பெரிய காரணம் வேற ஒண்ணுன்னு எனக்குப் படுது. நாய் வலியைச் சொல்லாது, நாமளும் கேட்க மாட்டோம்.

பல் உடைஞ்சு உள்ளே இருக்கற கூழ் திறந்துட்டா, முதல்ல வலி. கூழ் செத்ததும் அடங்கின மாதிரி இருக்கும். கிருமி மட்டும் வேர்நுனி வழியா எலும்புக்குள்ள போயிட்டே இருக்கும். பூனைக்கு இன்னும் மோசம். அதன் கோரைப்பல்லில் கூழ் கிட்டத்தட்ட நுனி வரைக்கும் இருக்கு. துளி ஒடிஞ்சாலே திறந்துடும். வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கணும், இல்லேன்னா பிடுங்கணும். "அதுவா சரியாயிடும்"னு விடறது வைத்தியம் இல்ல.

மணிக்குப் பிடுங்கியாச்சு. அந்தப் பல்லுக்கு மூணு வேராம். அதை உடைச்ச மாட்டெலும்பை ஆசையா வாங்கிப் போட்டது நான்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு பழைய பந்தைக் கவ்விட்டு வந்து என் முன்னாடி நின்னான். அவன் அதைத் தொட்டு எத்தனை மாசம் ஆச்சுன்னு அப்பதான் உறைச்சது. வயசாயிடுச்சுன்னு நினைச்சிருந்தேன்.

உங்க வீட்டுல நாயோ பூனையோ இருந்தா, இன்னிக்கு அதோட உதட்டைத் தூக்கி ஒரு தடவை பார்த்துடுங்க.