வட்டம், முக்கோணம், செவ்வகம்: சாலைக் குறியீடுகளின் வடிவங்கள் உணர்த்துவது என்ன?

புது டெல்லி: நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. விரைந்து செல்லும் வாகனத்தின் ஓட்டுநருக்குச் சாலையோரப் பலகையைக் கவனிக்கக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. ஆகவே, படம் தெளிவாகத் தெரியும் முன்பே செய்தியின் தன்மையை உணர்த்தும் வகையில் பலகைகளின் வடிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் முதல் அட்டவணை போக்குவரத்துக் குறியீடுகளை மூன்றாகப் பிரிக்கிறது.

வட்டம் - உத்தரவு: இவற்றைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். சிவப்பு விளிம்புள்ள வட்டம், செய்யக் கூடாததையோ வேகம், எடை போன்றவற்றின் வரம்பையோ குறிக்கும். நீல நிற வட்டம், செய்தே ஆக வேண்டியதைக் குறிக்கும்.

முக்கோணம் - எச்சரிக்கை: சிவப்பு விளிம்புடன் உச்சி மேல்நோக்கி இருக்கும் முக்கோணம், வளைவு, குறுகிய பாலம், பள்ளிக்கூடம், ரயில்வே கேட் போன்றவை அருகில் இருப்பதை முன்கூட்டியே அறிவிக்கும்.

செவ்வகம் - தகவல்: மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றைச் சுட்டும் நீலப் பலகைகளும், தேசிய நெடுஞ்சாலைகளில் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய பச்சைப் பலகைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

வடிவத்தைக் கவனிக்கத் தவறினால் பொருளே மாறிவிடும். இடப்பக்கம் திரும்பும் அம்புக்குறி முக்கோணத்தில் இருந்தால், முன்னே இடதுபுற வளைவு உள்ளது என்று பொருள். நீல வட்டத்தில் இருந்தால் இடதுபுறமே திரும்ப வேண்டும். சிவப்பு விளிம்புள்ள வட்டத்தில் குறுக்குக் கோட்டுடன் இருந்தால் இடதுபுறம் திரும்பவே கூடாது.

இரண்டு விதிவிலக்குகள்

உத்தரவுக் குறியீடுகளில் இரண்டு மட்டும் வட்ட வடிவில் அமைவதில்லை. 'நில்' என்பதற்குச் சிவப்பு எண்கோணமும், 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் பயன்படுத்தப்படுகின்றன. சந்திப்புகளில் யார் முதலில் செல்வது என்பதைத் தீர்மானிப்பவை இவையே. பலகையில் புழுதி படிந்து எழுத்து மறைந்தாலும், எதிர்த்திசையில் இருந்து பின்புறம் மட்டுமே தெரிந்தாலும் இவற்றை வடிவத்தைக் கொண்டே அடையாளம் காண முடியும்.

மீறினால் என்ன தண்டனை?

உத்தரவுக் குறியீடுகளுக்கு இணங்கி வாகனம் ஓட்டுவது சட்டத்தின் 119-ஆவது பிரிவின்படி ஓட்டுநரின் கடமையாகும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 'நில்' குறியீட்டை மீறுவது 184-ஆவது பிரிவின் கீழ் அபாயகரமாக வாகனம் ஓட்டும் குற்றமாகக் கருதப்படுகிறது. முதல் முறை இக்குற்றம் புரிவோருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பழகுநர் உரிமம் பெறுவதற்கான தேர்விலும் போக்குவரத்துக் குறியீடுகள் குறித்த வினாக்கள் இடம்பெறுகின்றன.