புதுக்கோட்டைக் கடைகளின் கல்லா

சில்லறைக் கடையின் கல்லா பணம் போட்டு வைக்கும் பெட்டி மட்டுமன்று. அன்றாட விற்பனையைக் கணக்கில் ஏற்றுவதும், வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் கேட்பவரிடம் விவரம் சொல்வதும் அதன் வேலைகளே. இவற்றில் எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைப் புதுக்கோட்டைப் பகுதிக் கடைக்காரர்கள் காலந்தோறும் தீர்மானித்த விதத்தைத் தொடர்ந்து பார்த்தால், அத்தீர்மானம் கருவியின் விலையைவிடப் புழக்கத்தில் இருந்த நாணயம், கல்லாவில் அமர்ந்த ஆள், அரசு கேட்ட கணக்கு ஆகிய மூன்றையே பெரிதும் சார்ந்திருந்தது புலப்படும்.

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையில், பிரிட்டிஷ் இந்திய ரூபாயுடன் ‘அம்மன் காசு’ என்ற சிறு செப்புக் காசும் புழங்கியது. ஒரு பக்கம் மன்னர் குடும்பத்தின் குலதெய்வமான திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் உருவமும், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல்லும் கொண்ட இக்காசு, நவராத்திரிக் காலத்தில் அரிசியுடன் தானமாக வழங்கப்பட்டதோடு கடைவீதியிலும் சில்லறையாகச் செலாவணியானது. இருபது காசுக்கு ஓர் அணா என்பது இதன் மதிப்பாதலால், பதினாறு அணா கொண்ட ரூபாய்க்கு 320 காசுகள் ஆயின.

இந்த 320 என்ற எண் பழைய தமிழ்க் கணக்குக்கு இயல்பாகப் பொருந்தியது. எண்சுவடியில் ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறுக்கு முந்திரி என்றும், எண்பதில் ஒன்றுக்குக் காணி என்றும், பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்றும் பெயர். எனவே ஓர் அணா ரூபாயில் மாகாணியாகவும், நான்கு அம்மன் காசு காணியாகவும், ஓர் அம்மன் காசு முந்திரியாகவும் அமைந்தன; திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்கம், அதாவது பின்ன வாய்பாடு, மனப்பாடம் செய்த ஒருவருக்கு அந்த ஊரின் மிகச் சிறிய காசு வரை கணக்கெழுத வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் இந்தியச் செம்புக் காசோ அணாவுக்குப் பன்னிரண்டு பை என்ற கணக்கில் ஓடியது. ஆயினும் ஐந்து அம்மன் காசும் மூன்று பையும் கால் அணாவே என்பதால், இரு வகைச் சில்லறையும் கால் அணாவில் வந்து சந்தித்தன.

அக்காலக் கல்லாப்பெட்டி இந்த நாணய முறைக்கு ஏற்ப அமைந்ததே. தரையில் பாய் அல்லது மெத்தை விரித்து அமர்ந்த முதலாளியின் முன்னால் இருந்த அந்த மரப்பெட்டியின் சரிவான மேல்மூடி கணக்கெழுதும் மேசையாகவும் பயன்பட்டது. உள்ளே வகை வகையான காசுகளுக்குத் தனித்தனிக் குழிகளும், முக்கியச் சீட்டுகளுக்கு மறைவான அறையும் இருந்தன. தச்சரிடம் ஒருமுறை செய்து வாங்கினால் தலைமுறைக்கும் நிற்கும் பெட்டி அது. ஆகவே கல்லாவுக்கான உண்மைச் செலவு பெட்டியில் அன்று, அதன் அருகே உட்காரும் ஆளிடம்தான் இருந்தது.

இதை நன்கு உணர்ந்தவர்கள், இன்றைய மாவட்டத்தின் ராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, மேலைச்சிவபுரி முதலிய ஊர்களைச் சேர்ந்த நகரத்தார். பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் அவர்கள் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியான பொறுப்புகள் இருந்தன. பணப்பெட்டிக்கு அருகே ஏவல் வேலை பார்த்துத் தொழில் கற்கும் சிறுவனே பெட்டியடிப் பையன். அன்றன்றைய நடப்பைக் குறிக்கும் சிட்டை, ஆள்வாரியாகப் பற்றுவரவைப் பிரித்தெழுதும் பேரேடு, இருப்பையும் வர வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் திரட்டிக் காட்டும் ஐந்தொகை என்ற அடுக்குகளின் வழியே, கடல் கடந்த கடையின் நிலையை ஊரிலிருந்த முதலாளி அறிந்துகொண்டார். சிறிய மளிகைக்கடைக்காரருக்கு ஐந்தொகை வரை போக வேண்டிய தேவை இல்லை. பிள்ளையார் சுழியும் ‘லாபம்’ என்ற சொல்லும் தலைப்பில் இட்ட ஒரு நாள்கணக்கும், வாடிக்கையாளர் பெயரில் ஒரு பற்று நோட்டும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி 1879இல் காப்புரிமை பெற்ற பணப்பதிவு இயந்திரம், வேலையாட்கள் கல்லாவில் கைவைப்பதைத் தடுக்கவே உருவானது. முதலாளியோ அவர் மகனோ கல்லாவை விட்டு அகலாத கடைக்கு அந்தக் காவல் தேவைப்படவில்லை. மேலும் அந்த இயந்திரம் கைக்குக் கை விற்பனையைப் பதிவு செய்ததேயன்றி, அறுவடை முடிந்து பணம் தருவதாகச் சொல்லிச் சரக்கு எடுத்துச் செல்பவரின் பாக்கியை நினைவில் வைக்கவில்லை. பணப்பதிவு இயந்திரம் என்ற கட்டத்தில் தங்காமலே இப்பகுதிச் சிறுகடைகள் மரப்பெட்டியிலிருந்தும் இழுப்பறையிலிருந்தும் பெரும்பாலும் நேரே கணினிக்கு வந்ததன் காரணம் இதுவே.

இடையில் நாணயமும் அரசும் மாறின. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. அம்மன் காசு வழக்கொழிந்தது. ராஜாஜி அமைச்சரவை 1939இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது விற்பனை வரி போன்ற சட்டங்களின் வரம்புக்குள் இவ்வூர்க் கடைகளும் வந்தன. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானபோது ஓர் அணா ஆறேகால் பைசாவாகி, முழு எண்ணில் மாற்ற இயலாத கணக்காயிற்று. நாலணா 25 பைசாவாகவும் எட்டணா 50 பைசாவாகவும் சரியாகப் பொருந்தியதால் அவ்விரு பெயர்கள் மட்டும் கடைப்பேச்சில் நிலைத்தன. புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டமானது.

2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியும், கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் முறையைக் கொண்டவை. அதற்குப் பொருள்வாரியாக, வரி விகிதவாரியாகக் கணக்கு வேண்டியிருந்ததால், கணினிப் பில் பல கடைகளுக்கு வசதி என்ற நிலையைக் கடந்து தேவையாயிற்று. எனினும் எல்லாக் கடைக்கும் அது கட்டாயமன்று. 2019 ஏப்ரல் முதல், மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவர் பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் வியாபாரம் அது. ஒன்றரைக் கோடி வரை விற்பவர், விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டும் இணக்க முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது, கொள்முதல் வரியையும் கழிக்க முடியாது, ஆதலால் அவரது பில்லும் எளிது. புதுக்கோட்டை நகரின் கீழராஜ வீதியில் கடை வைத்திருப்பவரும் கிராமத்துப் பெட்டிக்கடைக்காரரும் ஒரே கருவிக்குச் செலவிட வேண்டியதில்லை என்பதற்கு இந்த வரம்புகளே முதல் அளவுகோல்.

கருவி வாங்கும் நாளில் கொடுக்கும் தொகை வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதியே. மென்பொருளின் ஆண்டுச் சந்தா, பழுது பார்க்கும் ஒப்பந்தம், பில் ரோல், ஒவ்வொரு சரக்கின் பெயரையும் விலையையும் முதன்முறை ஏற்றும் உழைப்பு ஆகியவை தொடர்ந்தோ மறைந்தோ வரும் செலவுகள். பருப்பையும் எண்ணெயையும் உதிரியாக நிறுத்து விற்கும் மளிகைக்கடைக்குப் பார்கோடு படிக்கும் கருவி பாதிப் பயனே தரும். அதே பணத்தில் பில் அடிக்கும் மின்னணுத் தராசு வாங்குவது பொருத்தமாகலாம். சூட்டில் எழுத்துப் பதியும் தெர்மல் தாளுக்கு மை தேவையில்லை, ஆனால் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ரிப்பன் வைத்து அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இரைச்சல் மிக்கதாயினும் கார்பன் படியை நெடுநாள் வைத்திருக்க உதவும்.

மின்சாரமும் ஒரு செலவினமே. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் மாவட்டத்தின் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில் கணினிக் கல்லாவால் பயனில்லை, நோட்டும் பென்சிலும்தான் கணக்கு வைக்கும். யுபிஐ வழிப் பணத்துக்குக் கடைக்காரரிடம் தள்ளுபடிக் கட்டணம் பெறக்கூடாது என்பது 2020 ஜனவரி முதல் விதியாக இருந்தாலும், பணம் வந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை உண்டு.

அம்மன் காசுக் காலத்துக் கடைக்காரர் ஆளுக்குச் செலவிட்டுப் பெட்டியில் மிச்சம் பிடித்தார். இன்றைய கடைக்காரரிடம் கருவியைக் காட்டி ஆளைக் குறைக்கலாம் என்று விற்பனையாளர் சொல்கிறார். ஆனால் பற்று நோட்டு இன்னும் பல கல்லாக்களில் கணினிக்குப் பக்கத்திலேயே இருப்பது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற முடிவை எந்த மென்பொருளும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆகவே, கடனுக்கு விற்பனை அதிகமுள்ள கடை பற்றுக் கணக்கு வைக்கத் தெரிந்த எளிய மென்பொருளுக்கும், வரிக்கணக்கு அதிகமுள்ள கடை பொருள்வாரிப் பில்லுக்கும், இரண்டும் குறைந்த கடை நல்ல தராசுக்கும் கட்டுக்கோப்பான நாள்கணக்குக்கும் முதலில் பணம் ஒதுக்குவதே இப்பகுதி வணிக வரலாறு ஆதரிக்கும் வரிசை.