மீனின் உடம்பில் மாத்திரை

எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஒருவர் மகனைப் பார்க்க ஃப்ளோரிடா போய்விட்டு வந்தார். மூன்று மாதக் கதைகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது டிஸ்னியைப் பற்றி அல்ல, மீன் பிடிக்கப் போனதைப் பற்றி. "படகுக்காரருக்கு அவ்வளவு டாலர் கொடுத்து, வெயில்ல காஞ்சு, ஒரே ஒரு மீனைப் பிடிச்சு, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணியிலயே விட்டுட்டான் சார் என் பையன்!" மனிதர் தஞ்சாவூர்க்காரர். விரால் குழம்பில் வளர்ந்தவர். அவர் அதிர்ச்சி எனக்குப் புரிந்தது :-)

அந்த மீன் போன்ஃபிஷ். பெயருக்கேற்றபடி முள் அதிகம். வெப்பமண்டலக் கடலோரங்களில், முழங்கால் ஆழமே உள்ள மணல் திட்டுகளிலும் கடற்புல் தரைகளிலும் கடல் ஏறும்போது மேய வரும். தலையைக் கீழே நட்டு நண்டும் இறாலும் கிளறும்போது வால் நுனி மட்டும் வெளியே மினுங்கும். செதில் கண்ணாடி மாதிரி இருப்பதால் பல சமயம் மீனுக்கு முன் அதன் நிழல்தான் கண்ணில் படும். இறகையும் மயிரையும் கொக்கியில் கட்டி இறால் போலச் செய்து, அதன் மூக்குக்கு முன்னால் சத்தமில்லாமல் விழும்படி வீச வேண்டும். ஈயக்குண்டு கிடையாது, தடித்த கயிற்றின் கனத்திலேயே வீச வேண்டும். இதுதான் ஃப்ளை ஃபிஷிங். 1947இல் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் ஜோ புரூக்ஸ் என்ற எழுத்தாளர், ஜிம்மி ஆல்பிரைட் என்ற வழிகாட்டியோடு போய் போன்ஃபிஷ்ஷை இப்படிக் குறிவைத்துப் பிடித்தார், அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான் இது பெரிய விளையாட்டானது. இன்று பஹாமாஸ், சீஷெல்ஸ் என்று இதற்காகவே விமானம் ஏறுகிறார்கள். (பையனைத் திட்ட வேண்டாம். 2013 முதல் ஃப்ளோரிடாவில் போன்ஃபிஷ் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.)

இதுவரை சுற்றுலாக் கதை. பட்டான்செருவில் உட்கார்ந்துகொண்டு நான் இதை எழுதக் காரணம் வேறு.

சில பத்தாண்டுகளாக தெற்கு ஃப்ளோரிடாவில் இந்த மீன் குறைந்துகொண்டே வந்தது. காரணம் தேடிய ஆராய்ச்சியில், ஃப்ளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகமும் தூண்டில்காரர்களின் அமைப்பான போன்ஃபிஷ் அண்ட் டார்பன் டிரஸ்ட்டும் சேர்ந்து 93 மீன்களைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டன. ஒரு மீன் விடாமல் எல்லாவற்றிலும் மனிதர்கள் சாப்பிடும் மருந்து! ரத்த அழுத்த மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, ஆன்டிபயாடிக், வலி மாத்திரை. சராசரியாக ஒரு மீனில் 7 மருந்துகள், ஒன்றில் மட்டும் 17. நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பகுதி உடம்பில் தங்காமல் கழிவறை வழியாகப் போகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் அதை முழுதாகப் பிடிப்பதில்லை.

படித்ததும் எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர்தான். பட்டான்செரு என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது, தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி. 1970களில் இங்கே தொழிற்பேட்டை வந்தது. 1980இல் இந்திரா காந்தி மேதக் தொகுதியில் ஜெயித்த பிறகு இன்னும் வேகமாக வளர்ந்தது. 1960களில் ஹைதராபாத்தில் வந்த அரசு மருந்து ஆலையான ஐ.டி.பி.எல். நூற்றுக்கணக்கான ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருந்தது. உலகத்துக்கு மலிவாக மாத்திரை செய்யும் இடமாக ஊர் மாறியது. கழிவு இசகவாகு ஓடையில் இறங்கி, நக்கவாகு வழியாக மஞ்சீரா ஆற்றை நோக்கிப் போனது. வயல் கெட்டது, கிணறு கெட்டது, மீன் மிதந்தது. இங்கே மருத்துவம் பார்த்த அல்லனி கிஷன் ராவ் விவசாயிகளோடு சேர்ந்து போராடினார். 1990இல் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆனால் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று உலகம் திரும்பிப் பார்த்தது 2007இல்தான். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோக்கிம் லார்சன் குழுவினர், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்தம் செய்யும் இங்குள்ள பொது நிலையத்திலிருந்து வெளியே வரும் நீரைச் சோதித்தார்கள். சுத்தம் செய்த பிறகு வரும் நீர், கவனியுங்கள். அதில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. ஒரு நாளில் ஓடுவது சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். ஸ்வீடன் நாடு முழுக்க, 90 லட்சம் பேர், ஐந்து நாளில் சாப்பிடும் அளவு! 2009இல் அடுத்த கட்டுரை: பக்கத்து ஏரிகளில், கிராமத்துக் கிணறுகளில்கூட மருந்து. ஊருக்குப் போகும்போது நாம் பெட்டியில் போட்டுக்கொள்ளும் சிட்ரிசின்கூட ஏரியில் இருந்தது. இந்தக் கழிவை 500 பங்கு நல்ல நீரில் ஒரு பங்கு கலந்தாலே தவளைக் குஞ்சுகளின் வளர்ச்சி 40 சதவீதம் குறைந்தது என்று இன்னொரு சோதனை சொன்னது.

ஃப்ளோரிடா மீனில் இருந்தது இங்கிருந்து போன மருந்து என்று சொல்லவில்லை. அங்கே வீட்டுக் கழிவு, இங்கே ஆலைக் கழிவு. அளவும் ஒப்பிடவே முடியாதது. என்னை உறுத்துவது வேறொன்று. கீஸ் தீவுகளின் தூண்டில் விளையாட்டு ஆண்டுக்கு 46.5 கோடி டாலர் வியாபாரம் என்கிறார்கள். அதனால் அந்த மீனுக்குக் கேட்க ஆள் இருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்க்கப் பணம் இருக்கிறது. இங்கே ஏரியில் வலை போட்டுப் பிழைக்கும் கங்கபுத்ர, முதிராஜ் குடும்பங்கள் இருபது வருடம் சொன்னது எண்ணாக மாற ஸ்வீடனிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

பிறகு என்ன ஆனது? ஆலைகள் கழிவை வெளியே விடக்கூடாது என்று விதிகள் வந்தன. பொது நிலையத்தின் நீரைக் குழாய் போட்டு நகரச் சாக்கடையோடு சேர்த்து மூசி ஆற்றங்கரை அம்பர்பேட்டைக்கு அனுப்பினார்கள். 2017 அக்டோபரில் பக்கத்து கண்டிகூடம் ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. 2020 ஜனவரியில் மத்திய அரசு, ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் இவ்வளவுதான் இருக்கலாம் என்று வரைவு விதி போட்டது. உலகிலேயே முதல் முயற்சி என்று பாராட்டினார்கள். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்த அளவுகள் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால் இங்கே முதல் கேள்வி விலை இல்லை, "எந்தச் செருவு?" என்பதுதான். தெலங்கானாவின் மாநில மீனே கொர்ரமீனு, அதாவது நம்ம விரால். தஞ்சாவூர்க்காரரும் நானும் வாளிக்குள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நிற்போம். கடைக்காரர் "ஆந்திரா லோடு சார், இந்த ஊர் மீன் இல்லை" என்று சொன்ன பிறகுதான் எடை போடச் சொல்வோம்.